செவ்வாயில் புழுதி, டெல்லியில் புழுதி

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் வந்தால் போதும், "இன்று இரவு செவ்வாய் கிரகம் நிலா சைஸில் தெரியும், இனி உங்கள் ஆயுளில் பார்க்க முடியாது" என்று ஒரு செய்தி வந்து நிற்கும். முதலில் ஈமெயிலாகச் சுற்றியது, அப்புறம் வாட்ஸப்புக்குக் குடிபெயர்ந்தது. அனுப்புகிற மாமாக்களுக்குப் பதில் போட்டுப் போட்டு நான் ஓய்ந்தே போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அது முழுப் பொய்யும் இல்லை. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நிஜமாகவே மிக நெருங்கி, 5.576 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. அன்றைக்கு டெலஸ்கோப்பில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவுக்குத் தெரியும். இவ்வளவுதான் சமாசாரம். கைமாறிக் கைமாறி வந்ததில் டெலஸ்கோப் உதிர்ந்துவிட்டது, நிலா மட்டும் மிஞ்சியது.

உண்மையைக் கொஞ்சம் "தெளிவாக்கப்" போய் வேறு ஒன்றாக ஆக்கிவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கிரகங்களைப் படம் பிடிக்கிற என்னைப் போன்ற அமெச்சூர் ஆசாமிகளுக்கு இது தினப்படி வருகிற சோதனை. செவ்வாயில் புழுதிப் புயல் அடிக்கும்போது அந்தச் சோதனை உச்சத்துக்குப் போகும்.

2018-க்கு வருகிறேன். அந்த வருஷம் ஜூலை 27 அன்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. ஜூலை 31 அன்று தூரம் 5.76 கோடி கிலோமீட்டர். 2003-க்குப் பிறகு அவ்வளவு கிட்டே வந்ததே இல்லை. நானும் ரெண்டு வருஷமாகக் காசு சேர்த்து 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் ஒன்று, 3 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று, கட்டைவிரல் நீளத்தில் ஒரு கேமரா என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். "இந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம்" என்று தங்கமணி சொன்னதையும் ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டாயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி, மே 30 வாக்கில் செவ்வாயின் வடபாதியில் ஒரு புழுதிப் புயல் கிளம்பியிருப்பது நாசாவின் சுற்றுகலத்துக்குத் தெரிந்தது. ஜூன் 20-க்குள் அது கிரகத்தையே சுற்றி வளைத்துவிட்டது என்று நாசா அறிவித்தது. தற்செயலோ என்னவோ, அதே ஜூன் நடுவில் ராஜஸ்தான் பக்கமிருந்து கிளம்பிய புழுதி டெல்லி வானத்தையும் மூடியது. இங்கே இருப்பவர்களுக்கு ஆந்தி புதுசில்லை. ஜன்னலைச் சாத்து, மாடியில் காயும் துணியை எடு, அரை மணி நேரத்தில் போய்விடும். அந்த முறை நாலைந்து நாள் வானம் சேற்று நிறத்திலேயே நின்றது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அங்கேயும் புழுதி, இங்கேயும் புழுதி, நடுவில் நானும் என் டாப்சோனியனும்.

இதில் ஒரு விதியின் விளையாட்டு உண்டு. செவ்வாயின் பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது, மிகத் தொலைவில் இருப்பதைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் அதிக வெயில் வாங்குகிறது. அந்த வெயிலில் தரை சூடாகிக் காற்று எழும்புகிறது, புழுதி கிளம்புகிறது. கிளம்பிய புழுதி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றை இன்னும் சூடாக்க, இன்னும் புழுதி கிளம்புகிறது. நமக்கு மிக நெருங்குவதும் இதே சமயத்தில்தான். அதாவது, நம் பக்கத்தில் வரும்போதுதான் செவ்வாய் முகத்தை மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். "தி மார்ஷியன்" படத்தில் காட்டியது போல ராக்கெட்டைச் சாய்க்கிற பலமெல்லாம் அந்தக் காற்றுக்குக் கிடையாது. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் மைக்ரான் கணக்கில் உள்ள மெல்லிய தூள் ஒருமுறை மேலே போய்விட்டால் இறங்க வாரக்கணக்காகும், சில சமயம் மாதக்கணக்காகும்.

சரி, எங்கள் வேலை என்ன? "போட்டோ எடுத்தேன்" என்று சொன்னாலும் நாங்கள் எடுப்பது வீடியோதான். என் டெலஸ்கோப்புக்கு மோட்டார் கிடையாது. பூமி சுழலச் சுழல செவ்வாய் கேமராச் சில்லின் ஒரு ஓரத்தில் நுழைந்து இருபது வினாடியில் மறு ஓரத்தில் வெளியேறிவிடும். குழாயைக் கையால் தள்ளி மறுபடி நுழைக்க வேண்டும். நொடிக்கு 30 பிரேம் என்று பத்து முறை ஓடவிட்டால் ஆறாயிரம் பிரேம் சேரும். அதிகம் எடுக்கவும் முடியாது. செவ்வாயும் சுழல்கிறதே! நாலைந்து நிமிஷத்துக்கு மேல் போனால் முகம் திரும்பிப் படம் கலங்கும். அதைச் சரிக்கட்ட வின்ஜூபோஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அது தனிக் கதை.

அந்த ஆறாயிரத்தில் பெரும்பாலானவை கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் கிடக்கிற நாணயம் போல நெளிந்துகொண்டிருக்கும். நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் நடுக்கம் அது. நடுநடுவே ஒரு கணம் காற்று அசையாமல் நிற்கும், அந்தப் பிரேம் மட்டும் கூர்மையாக விழும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள் எல்லாவற்றையும் தரம் பிரித்து, நல்ல பத்துப் பதினைந்து சதவீதத்தைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும். நூறு பிரேம் அடுக்கினால் படத்தின் புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். இதற்கு "லக்கி இமேஜிங்" என்று பெயர். 1978-இலேயே டேவிட் ஃப்ரீட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிர்ஷ்டப் பிரேம் எத்தனைக்கு ஒன்று விழும் என்று நிகழ்தகவுக் கணக்குப் போட்டுவிட்டார். அதை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் செய்ய முடிந்தது 2000-களில், பிலிப்ஸ் வெப்கேமும் ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளும் வந்த பிறகுதான்.

அடுக்கிய படம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். அடுத்தது வேவ்லெட். ஆறு ஸ்லைடர்கள். தள்ளத் தள்ள விவரம் மேலே வரும். மாயாஜாலம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் தள்ளினால் படத்தில் இல்லாததும் வரும். பளிச்சென்ற விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு கறுப்பு வளையம் வரும். இரைச்சல் புள்ளிகள் கைகோத்துக்கொண்டு கோடாகும்.

புயல் இல்லாத காலத்தில் இது அவ்வளவு கெடுதல் செய்யாது. புயல் காலத்தில் மங்கல் இரண்டு வகை. ஒன்று நம் காற்றின் நடுக்கத்தால் வந்த மங்கல், அதை நீக்குவது எங்கள் கடமை. இன்னொன்று செவ்வாயின் புழுதியால் வந்த மங்கல், அதுதான் செய்தியே! முதல் மங்கலைத் துடைக்கிற துணியாலேயே இரண்டாவதையும் துடைத்துவிட்டால், புயலைப் படம் பிடிக்கப் போய் புயலை அழித்துவிட்டு வந்து நிற்போம்.

எது நம்முடையது, எது அவர்களுடையது என்று எப்படிப் பிரிப்பது? வண்ணம் உதவும். புழுதி சிவப்பிலும் அகச்சிவப்பிலும் பளிச்சென்று தெரியும், பனிமேகம் நீலத்தில் தெரியும். இதைவிட எனக்குப் பிடித்த வழி சனீஸ்வரன் கொடுத்தது. 2018 ஜூலையில் செவ்வாய் மகர ராசியில், சனி பக்கத்திலேயே தனுசில். இரண்டும் டெல்லியிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரம், உச்சியில் 36 பாகை சுமார். (நாகர்கோவிலில் இருந்திருந்தால் 56 பாகை, லண்டனில் 13. ஊரை விட்டு வந்ததற்கு இப்படியும் ஒரு அபராதம்.) ஆக, முதலில் சனியை எடுப்பேன். வளையத்தின் நடுவே ஓடுகிற காசினி இடைவெளி கறுப்பு மயிரிழையாக, சுத்தமாக வரும்வரை ஸ்லைடரைத் தள்ளி, அந்த எண்களைக் குறித்துக்கொள்வேன். பிறகு செவ்வாய்க்கும் அதே எண்கள், ஒரு புள்ளி கூடாது. சனி கூர்மையாக வந்து செவ்வாய் மங்கலாக வந்தால், அந்த மங்கல் செவ்வாயுடையது. பேங்க்கில் ஒரே வவுச்சரை இரண்டு பேர் பார்ப்பது போல, செவ்வாய்க்குச் சனி சாட்சிக் கையெழுத்து.

ஜூலை மூன்றாம் வாரம் மழை ஓய்ந்த ஒரு ராத்திரி அது அமைந்தது. சனி அற்புதம். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்த செவ்வாய், ஒன்றிரண்டு மங்கிய நிழல் தவிர, உரித்து வைத்த ஆரஞ்சு மிட்டாய்.

அடுத்த மாதம் மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்தப் படத்தை வைக்கப் போகிறேன் என்றாள். அவள் தோழி ஒருத்தி அதை போன் ஆப்பில் போட்டு இழுத்துக் கொடுத்திருந்தாள். பார்த்தால், அடேயப்பா! பள்ளத்தாக்கு, கோடு, வட்டம், எரிமலை மாதிரி ஏதோ ஒன்று. ரெண்டு நாள் ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆரஞ்சு மிட்டாயையே பிரிண்ட் போட்டாள். பக்கத்தில் சனி. கீழே தேதி, உலக நேரம், எத்தனை பிரேம், என்ன செட்டிங்.

நடுவர் வந்து பார்த்துவிட்டு, "இன்டர்நெட்டில் செவ்வாய் எவ்வளவு அழகா இருக்கு, இதில் ஒண்ணுமே இல்லையே?" என்றாராம். இவள், "ஒண்ணுமே இல்லைங்கறதுதான் சார் விஷயம்" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் சனியைப் பார்த்து "வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பரிசு வினிகர் ஊற்றினால் பொங்குகிற எரிமலைக்குப் போனது.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, அந்தக் கோடு வந்த படத்தை வெச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்ல?"

"ஜெயிச்சிருப்பே கண்ணு."

"அப்புறம்?"

"இது என்ன கோடுன்னு யாராவது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

பதில் இல்லை. தங்கமணி இன்னொரு தோசை போட்டாள். நியாயமாக இருந்ததால் தோற்றுப்போகிற குழந்தைக்கு எந்த அப்பாவிடமும் நல்ல பதில் கிடையாது. எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதில் வேறு இடங்களிலிருந்து மெதுவாக வந்தது. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 37 நிமிஷம். தினமும் ஒரே நேரத்துக்குப் பார்த்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிய முகத்தைக் காட்டும். ஒரே ஊரிலிருந்து முழு உருண்டையையும் பார்த்து முடிக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். புயல் அதுவரை காத்திருக்குமா? அதனால்தான் ஆஸ்திரேலியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று ஆள் மாற்றி ஆள் எடுத்து, பிரிட்டனின் பிஏஏ, அமெரிக்காவின் ஆல்போ போன்ற அமைப்புகளின் செவ்வாய்ப் பிரிவுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒருவர் படத்தில் மட்டும் தெரிகிற பொட்டை யாரும் வரைபடத்தில் ஏற்றுவதில்லை. எங்கள் பேங்க்கில் யாருடையது என்று தெரியாத பணம் வந்தால் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் போட மாட்டோம், சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். அதே முறை. இரண்டாவது ஆளின் படமோ மறுநாள் படமோ வந்து ஒத்துப்போனால்தான் பற்று வரவு.

இந்தப் பொறுமையால்தான் அமெச்சூர்களுக்கு மரியாதை. 2006-இல் வியாழனின் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறியதைக் கண்டவர் பிலிப்பைன்ஸின் செபு நகரத்து கிறிஸ்டோபர் கோ. 2009 ஜூலை 19 அன்று வியாழனில் ஏதோ மோதிய கறுப்புத் தழும்பைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் ஆன்டனி வெஸ்லி. துணைக்கோளும் இல்லை, அதன் நிழலும் இல்லை என்று சரிபார்த்த பிறகே சொன்னார். ஹவாயில் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது.

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் செவ்வாயே சாட்சி. 1877-இல் மிலான் நகரத்து ஷியாபரெல்லி மெல்லிய கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அமெரிக்காவில் பெர்சிவல் லோவல் அவற்றைக் கால்வாய்கள் ஆக்கி, கால்வாய் வெட்டுகிற ஜனங்களையும் குடியேற்றிவிட்டார். 1909-இல் அந்தோனியாடி பாரீஸ் அருகே மியூடனில் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், காற்று அசையாத நேரத்தில் பார்த்தபோது கோடு எதுவும் இல்லை, ஒழுங்கற்ற திட்டுகள்தான். அந்தக் காலத்தில் வேவ்லெட் இல்லை, கண்ணே புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டது.

1971-இல் நடந்தது இன்னும் எனக்குப் பிடிக்கும். மாரினர் 9 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கிரகம் முழுக்கப் புழுதி. நாலு கறுப்புப் பொட்டு தவிர ஒன்றும் தெரியவில்லை. பூமியிலிருந்து நிரலை மாற்ற முடிந்ததால் காத்திருந்தார்கள். புழுதி அடங்க அடங்க அந்த நாலும் பிரம்மாண்டமான எரிமலைகளின் உச்சிகள் என்று தெரிந்தது. அதே சமயம் போன சோவியத் கலங்களால் காத்திருக்க முடியவில்லை. மார்ஸ் 2 தரையில் மோதி நொறுங்கியது. மார்ஸ் 3 மெதுவாக இறங்கி, சில வினாடிகளில் பேச்சை நிறுத்தியது.

2018 புயலுக்கும் ஒரு பலி உண்டு. 90 நாளுக்கு என்று அனுப்பி 14 வருஷத்துக்கு மேல் ஓடி, 45 கிலோமீட்டர் கடந்த ஆப்பர்ச்சூனிட்டி ரோவர். சூரிய ஒளியில் ஓடுவது. ஜூன் 10 அன்று கடைசியாக அனுப்பியது எண்கள்தான்: அன்றைய மின்சாரம் 22 வாட்-மணி, அதாவது ஒரு சின்ன எல்ஈடி பல்பை ரெண்டு மணி நேரம் எரிக்கலாம். புழுதி அடர்த்தி 10.8, அதாவது நேர் வெயிலில் சுமார் 49,000-இல் ஒரு பங்குதான் தரைக்கு வருகிறது. ஆயிரம் முறைக்கு மேல் கூப்பிட்டும் பதிலில்லாமல், 2019 பிப்ரவரி 13 அன்று நாசா விடை கொடுத்தது. அப்போது ஒரு பத்திரிகையாளர் விஞ்ஞானிகள் சொன்னதைச் சுருக்கி, பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது என்று உருக்கமாக எழுதினார். ரோவரே பேசிய கடைசி வார்த்தைகள் என்று உலகம் அதைப் பகிர்ந்து அழுதது. எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்கவில்லை. ஆனால் 22, 10.8 என்ற அந்த ரெண்டு எண்களே போதாதா?

இனி 2020 அக்டோபர். செவ்வாய் மறுபடி நெருங்கியது, இந்த முறை வானம் சுத்தம், அங்கேயும் புழுதி அடங்கியிருந்தது. மகள் பிளஸ் ஒன். ஊரடங்குக் காலம், கம்ப்யூட்டரும் மொட்டை மாடியும்தான் உலகம். அவளே 2018 படத்தின் தேதியை வைத்து அன்றைக்கு எந்த முகம் நம் பக்கம் இருந்தது என்று வின்ஜூபோஸில் கண்டுபிடித்தாள். அதே முகம் எப்போது வரும் என்று பார்த்து, ராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பினாள். அதே டெலஸ்கோப், அதே கேமரா, பழைய எண்கள். திரையில் சிர்ட்டிஸ் மேஜர் கறுகறுவென்று வந்தது. நியூட்டோனியன் தலைகீழாகக் காட்டும் படத்தில் அது நம் நாட்டு வரைபடம் போலக் கீழே கூம்பியிருக்கும். பக்கத்தில் 2018-இன் ஆரஞ்சு மிட்டாய். இங்கே இருக்கிற நாடு அங்கே இல்லை. ஒரு கண்டமே மறைகிற அளவுக்குப் புழுதி அடித்திருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அந்தக் கோடு படத்தை வெச்சிருந்தா இதை இப்படிப் பக்கத்துல வெச்சிருக்கவே முடியாதுப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த வீடியோ எடுக்கக் குழாயைத் தள்ளப் போய்விட்டாள்.

இன்றைக்கு ஸ்லைடர்கூட வேண்டாம். செயற்கை நுண்ணறிவு ஒரே சொடுக்கில் மங்கலைத் தீர்த்துவிடுகிறது. தான் ஏற்கெனவே பார்த்த ஆயிரம் படங்களின் பழக்கத்தில், இங்கே ஒரு கறை இருக்க வேண்டுமே என்று தானே வரைந்துவிடவும் கூடும். வழக்கமான நாளில் அது அழகு. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்கிற நாளில் அது நமக்கு எதிரி. புயல் என்பதே வழக்கத்துக்கு மாறானதுதானே?

2027 பிப்ரவரி 19-இல் செவ்வாய் மறுபடி எதிரே வருகிறது. பத்துக் கோடி கிலோமீட்டருக்கு மேல் தூரம், உருவம் சிறிசு, புழுதிப் பருவமும் இல்லை. கை பழக நல்ல சமயம். பெரிய வாய்ப்பு 2033 ஜூனிலும் 2035 செப்டம்பரிலும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்போதே ஆரம்பிக்கலாம். மூல வீடியோவை அழிக்காதீர்கள். உலக நேரத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் வேறொரு கிரகம் இருந்தால் அதையும் எடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்களைப் போடுங்கள். படம் ஆரஞ்சு மிட்டாயாக வந்தால் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். ரெண்டு வருஷம் கழித்து அது பேசும்.

டிஸ்கி: செவ்வாய் தோஷம் பற்றிய கேள்விகளுக்கு இந்த டெலஸ்கோப்பில் விடை கிடையாது. பக்கத்திலேயே சனி இருந்தது பற்றியும் யாரும் கவலைப்பட வேண்டாம், எங்களுக்கு அவர் நல்லதுதான் செய்தார் :-)